இடித்துரைப்பவருக்குத் துணை யார்? திருக்குறள் அறிவுரையும் நகரத்தார் வட்டிக்கடை அமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பணிக்குழுவில் தோன்றும் குறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தல் குறித்து இன்றைய மேலாண்மையியல் பெரிதும் பேசுகின்றது. தமிழாய்வில் இப்பொருள் பெரும்பாலும் 'திருக்குறளில் மேலாண்மைச் சிந்தனைகள்' என்னும் தலைப்பின்கீழ் அணுகப்படுகின்றது. அவ்வகைக் கட்டுரைகள் குறளுக்கும் இக்கால மேலாண்மைக் கருத்துக்கும் ஒப்புமை காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. குறை கூறுபவருக்கு நேரும் இழப்பை யார் ஏற்பது என்ற வினாவை எழுப்புவதில்லை. இக்கட்டுரை அவ்வினாவைப் பொருட்பாலின் குறட்பாக்களிடமும், செட்டிநாட்டு நகரத்தார் பர்மா முதலிய நாடுகளில் நடத்திய வட்டிக்கடைகளின் நிருவாக அமைப்பிடமும், ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' புதினத்திடமும், எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்தின் பட்டறிவிடமும் எழுப்புகின்றது. வெளிப்படைப் பேச்சு தனிமனிதத் துணிவால் மட்டும் நிலைபெறுவதில்லை. மௌனத்தின் இழப்பு பேச்சின் இழப்பைவிட முந்தி வருமாறு அமைந்த நடைமுறைகளால்தான் நிலைபெறுகின்றது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: இடித்துரைத்தல், பணிக்குழு, திருக்குறள், நகரத்தார், வட்டிக்கடை, மேலாள், ஐந்தொகை, ப. சிங்காரம்.

முன்னுரை

திருக்குறளை மேலாண்மையியல் நோக்கில் அணுகும் கட்டுரைகள் தமிழ்க் கருத்தரங்குகளில் ஆண்டுதோறும் வாசிக்கப்படுகின்றன. ஆய்வுப் படிப்பின் முதலாண்டில் இக்கட்டுரையாளரும் அத்தகைய கட்டுரை ஒன்றைச் செட்டிநாட்டுப் பகுதியில் நடைபெற்ற ஒரு கருத்தரங்கில் வாசித்தார். தவறு கண்டவிடத்து இடித்துக் கூறுவாரைப் பெறாத மன்னன், கெடுப்பார் இல்லாவிடினும் கெடுவான் என்னும் கருத்துடைய 448ஆம் குறளை எடுத்துக்கொண்டு, இக்காலத் திட்டப்பணிக் குழுக்களில் உறுப்பினர்கள் தம் கருத்தைத் தயக்கமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பதை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்பது அக்கட்டுரையின் சாரம். அமர்வின் இறுதியில் அவையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "அது சரி தம்பி, இடிச்சுச் சொன்னவன் மறுநாள் வேலைக்கு வந்தானா?" என்று கேட்டார். அவையினர் சிரித்தனர். கட்டுரையாளரிடம் விடை இல்லை.

அவ்வினா நகைச்சுவையாக எழுப்பப்பட்டதெனினும், அவ்வகைக் கட்டுரைகள் முழுவதையும் நோக்கி எழுப்பத்தக்க திறனாய்வு வினா அதுவே. குறையைக் கூறுதல் நன்று என்பதை மறுப்பார் எவரும் இலர். கூறியவருக்கு என்ன நேர்ந்தது, அவரைக் காக்கும் ஏற்பாடு எது என்பவையே ஆராயத்தக்கன. இக்கட்டுரை அம்முதியவரின் வினாவுக்குக் காலந்தாழ்ந்து அளிக்கப்படும் விடையாகும்.

ஒப்புமைக் கட்டுரைகளின் முறையியல்

'திருக்குறளில் மேலாண்மை' என்னும் வகைமையில் அமைந்த கட்டுரைகளின் கட்டமைப்பு ஏறத்தாழ ஒன்றே. மேலாண்மையியல் நூலிலிருந்து தலைமைப்பண்பு, குழுப்பணி, முடிவெடுத்தல் முதலிய தலைப்புகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு தலைப்பின்கீழும் பொருத்தமான குறள் ஒன்று வைக்கப்படுகின்றது. பின்னர் உரை தரப்பட்டு, இக்கருத்து இக்காலத்திற்கும் பொருந்தும் என்னும் கூற்றுடன் பகுதி முடிகின்றது. இம்முறையில் மூன்று குறைகள் உள.

முதலாவது, குறள் கூறும் மன்னனும் இன்றைய மேலாளரும் ஒருவரே எனக் கொள்ளப்படுகின்றது. மேலாளர் தாமும் சம்பளம் பெறுபவர்; அவருக்கு மேலும் ஒருவர் உளர். தமக்குக் கீழுள்ளவர் கூறும் குறையை ஏற்கும் மேலாளர், அக்குறையைத் தமக்கு மேலுள்ளவரிடம் எடுத்துரைக்கவும் வேண்டியவராகின்றார். ஒரே மனிதர் மன்னனாகவும் அமைச்சனாகவும் இருக்கும் இந்நிலையைக் குறளுடன் நேர்படுத்திப் பார்க்கும் முயற்சி அரிதாகவே நிகழ்கின்றது.

இரண்டாவது, ஒன்றற்கொன்று முரண்படுவன போலத் தோன்றும் குறட்பாக்கள் தவிர்க்கப்படுகின்றன. அமைச்சன் அஞ்சாது கூற வேண்டும் எனும் குறள் எடுத்தாளப்படும். மன்னனிடம் நெருப்பிடம் ஒழுகுவது போல ஒழுக வேண்டும் எனும் குறள் விடப்படும். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போதுதான் நூலாசிரியரின் சிந்தனை முழுமையாகப் புலப்படும்.

மூன்றாவது, தமிழ் நிலத்தில் உண்மையாகவே இயங்கிய தொழில் நிறுவனங்களின் நடைமுறைகள் சான்றாகக் கொள்ளப்படுவதில்லை. ஒருபுறம் அறநூல், மறுபுறம் மேலைநாட்டு மேலாண்மை நூல் என்னும் இரு முனைகளே உள. இடையில் பல தலைமுறைகளாகக் கடல் கடந்து வணிகம் செய்த தமிழ்ச் சமூகங்களின் பட்டறிவு பயன்கொள்ளப்படாமல் கிடக்கின்றது.

பொருட்பாலில் குறை கூறுதல்

குறை கூறுதல் பற்றிய வள்ளுவர் கருத்து ஒரே அதிகாரத்தில் அமையவில்லை. இறைமாட்சி (39), பெரியாரைத் துணைக்கோடல் (45), தெரிந்துவினையாடல் (52), ஒற்றாடல் (59), அமைச்சு (64), மன்னரைச் சேர்ந்தொழுகல் (70), நட்பு (79) ஆகிய அதிகாரங்களில் அது பரவிக் கிடக்கின்றது. இவற்றைத் தொகுத்து நோக்கின், யார் எதற்குப் பொறுப்பு என்னும் அடிப்படையில் மூவகைக் கடமைகள் புலனாகின்றன.

முதற்கடமை கூறுபவனுடையது, கூறும் பொருளைப் பற்றியது. 638ஆம் குறள், பிறர் அறிவுரையை அழித்துத் தானும் அறியாதவனாக மன்னன் இருப்பினும், அவனுக்கு உறுதியானதை எடுத்துக் கூறுவது உடனிருக்கும் அமைச்சனின் கடமை என்கின்றது. இக்குறள் அமைச்சனை 'உழையிருந்தான்' எனச் சுட்டுவது கருதத்தக்கது. 'உழை' என்பது பக்கம், இடம் எனப் பொருள்படும். அறிவுடையான் என்றோ துணிவுடையான் என்றோ கூறாது, அருகில் இருப்பவன் என்று கூறியமையால், கடமை அவனது இயல்பிலிருந்து அன்றி அவனது இருப்பிடத்திலிருந்து பிறக்கின்றது. பணியிடத்தில் குறையை முதலில் காண்பவர் அக்குறைக்கு அருகில் இருப்பவரே. அவர் தலைசிறந்த அறிஞராக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கடமையும் கூறுபவனுடையதே. ஆயின் அது கூறும் முறையைப் பற்றியது. மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரம், அகலாமலும் மிக நெருங்காமலும் குளிர்காய்பவர் போலப் பழக வேண்டும் (691) எனத் தொடங்கி, மன்னனின் குறிப்பறிந்து, காலமறிந்து, வெறுப்புக்கு இடமின்றி, வேண்டியவற்றை அவன் விரும்பும் வகையில் கூற வேண்டும் (696) என வழிகாட்டுகின்றது. அடுத்து வரும் 697ஆம் குறள் இவ்வழிகாட்டுதல் முகமனாகத் திரிந்துவிடாமல் காக்கின்றது. பயனற்றவற்றை மன்னனே கேட்பினும் சொல்லாது விடுக என்பது அதன் கருத்து. எனவே 638உம் 696உம் முரண்படுவன அல்ல. பொருளில் விட்டுக்கொடுத்தல் இல்லை, முறையில் விட்டுக்கொடுத்தல் உண்டு என்பதே அவற்றின் கூட்டுப்பொருள்.

மூன்றாம் கடமை கேட்பவனுடையது. செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பு மன்னனுக்கு வேண்டும் (389). இடித்துரைக்கும் துணையைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள வேண்டும் (447). இவற்றினும் நுட்பமானது 519ஆம் குறள். வினையில் முழுமையாக ஈடுபட்டவன் உரிமையோடு நடந்துகொள்வதை வேறாக எண்ணும் மன்னனை விட்டுச் செல்வம் நீங்கும் என்கின்றது அது. பணியில் மூழ்கியவர் ஆராய்ந்த சொற்களால் பேசுவதில்லை. குறையைக் கண்ட வேகத்தில் மரியாதைச் சொல் தவறலாம். அவ்வுரிமையை அடங்காமை எனத் திரித்து நோக்குவதால் பணி கெடும் என்பதை இக்குறள் உணர்த்துகின்றது. இன்றைய அலுவலகங்களில் குறை கூறுபவரைப் பற்றி முதலில் எழும் பேச்சு அவர் கூறிய பொருளைப் பற்றியதாக இல்லாமல், அவர் கூறிய தொனியைப் பற்றியதாக இருப்பதை நினைவுகூர்ந்தால் இக்குறளின் கூர்மை விளங்கும்.

அறிவுரையின் இடைவெளி

இம்மூன்று கடமைகளும் தெளிவாக வகுக்கப்பட்டிருப்பினும், கூறுபவனைக் காப்பது யார் என்னும் வினா எஞ்சுகின்றது. கேளாத மன்னன் கெடுவான் என்பதே குறள் தரும் காப்பு. ஆனால் அக்கேடு எப்போது வரும்? சினமுற்ற மன்னனின் தண்டனை அன்றே வந்துவிடும். கேளாமையின் பயனாகிய அழிவு ஆண்டுகள் கழிந்து வரலாம். இடித்துரைத்தவனின் இழப்பு உடனடியானது. இடித்துரைக்காமையால் விளையும் இழப்பு தாழ்ந்து வருவது, அதுவும் பலர்க்கும் பகிர்ந்து வருவது. இக்காலவேறுபாடே பணியிட மௌனத்தின் வேர் எனலாம். அறிவுடைய மனிதர் பலர் வாய்திறவாமைக்குக் கோழைத்தனம் மட்டுமே காரணமன்று. இக்கணக்கை அவர்கள் சரியாகவே போட்டுப் பார்க்கின்றனர்.

வள்ளுவர் இவ்விடைவெளியை உணர்ந்தே இருந்தார் என்பதற்கு ஒற்றாடல் அதிகாரம் சான்று. ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவர் கூறுவது ஒத்திருப்பின் அதனைத் தெளியலாம் (589) என்னும் விதி, வெளிப்படைப் பேச்சு ஒன்றையே நம்பி அரசு நடத்த இயலாது என்னும் ஒப்புதலாகும். அவையில் எவரும் கூறாததை மறைவில் அறிய வேண்டிய நிலை அது. எனினும் ஒற்றால் பெறும் செய்தி மன்னனுக்கு மட்டுமே பயன்படும். குழுவினர் அதனைக் கொண்டு கற்றுக்கொள்ள இயலாது. ஒற்று மிகுந்த இடத்தில் வெளிப்படைப் பேச்சு மேலும் குறையும். அறிவுரைக்கும் ஒற்றுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதைக் காண, அறநூலிலிருந்து தொழில் நடைமுறைக்குச் செல்ல வேண்டியுள்ளது. அதற்குச் செட்டிநாட்டு வட்டிக்கடை தக்க களமாகும்.

வட்டிக்கடை என்னும் பணிக்குழு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலிய ஊர்களைச் சேர்ந்த நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலாயா, இலங்கை முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கித்தொழில் விசாரணைக் குழு, அந்நாட்டில் இயங்கிய நகரத்தார் கடைகளின் எண்ணிக்கையைச் சுமார் 1,650 என மதிப்பிட்டது. முதலாளி செட்டிநாட்டில் இருக்க, கடல் கடந்த ஊரில் கடையை நடத்தியவர் மேலாள் எனப்பட்ட ஏஜெண்டு. அவருக்குக் கீழ் அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என ஒரு சிறு குழு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பணியாற்றியது. இளம் வயதில் பெட்டியடியில் சேர்ந்தவர் கணக்குப் பழகி அடுத்தாளாகி, பின்னர் மேலாளாகி, வாய்ப்பு அமைந்தால் தனிக்கடை வைக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

இக்குழுவின் அடிப்படைச் சிக்கல் தொலைவு. கடன் கெட்டுப்போனதை அதற்கு அருகில் இருந்த மேலாள் அறிவார், முதலாளி அறியார். மேலாள் மறைக்க விரும்பினால் மறைக்கலாம். வாராக்கடனை ஒப்புக்கொள்வது தன் திறமையின்மையை ஒப்புக்கொள்வதாகும். இன்றைய திட்டப்பணிக் குழுவில், பணி தாமதமாகின்றது என்பதை அறிந்த உறுப்பினர் வாராந்தரக் கூட்டத்தில் எல்லாம் சரியாக நடப்பதாகக் கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இச்சிக்கலை நகரத்தார் நேர்மை பற்றிய அறிவுரையால் மட்டும் தீர்க்க முயலவில்லை. நான்கு நடைமுறைகள் இவண் கருதத்தக்கன.

ஒன்று, காலவரையறை. மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டு. அதன் முடிவில் அவர் ஊர் திரும்ப, வேறொருவர் பொறுப்பேற்பார். பொறுப்பு கைமாறும்போது கணக்கும் கைமாறும். புதியவர் தம் காலத்துக் குறைகளுக்கே விடை கூற வேண்டியவராதலின், முந்தையவரின் வாராக்கடன்களை வரவாகக் காட்டி ஏற்றுக்கொள்ள அவருக்கு எக்காரணமும் இல்லை. மறைக்கப்பட்ட குறை மூன்றாண்டுக்குமேல் மறைந்திருக்க இயலாது என்பதே இந்நடைமுறையின் உட்பொருள் எனக் கட்டுரையாளர் கருதுகின்றார். முன்பகுதியில் சுட்டிய காலவேறுபாடு இங்கே சுருங்குகின்றது. பேசாமையின் இழப்பு எப்போதோ வருவதன்று. குறித்த நாளில் வருவது.

இரண்டு, கணக்கு. பேரேடும் ஐந்தொகையும் குறை கூறுவதற்குரிய மொழியை வழங்கின. 'இக்கடன் வாராது' என மேலாள் வாயால் கூறுவது தன்மேல் பழி ஏற்பதாகும். அதனையே கணக்கில் ஓர் இனமாக எழுதுவது தொழிலின் வழக்கமான செயலாகும். குறையைத் தெரிவிப்பதற்கென ஒரு கட்டம் முன்னரே வரையப்பட்டிருந்தால், அதனை நிரப்புவதற்குத் தனித் துணிவு வேண்டியதில்லை. ஊருக்கு முறையாக அனுப்பப்பட்ட கடிதங்களும் கணக்குகளும் இவ்வகையில் பயன்பட்டன.

மூன்று, வெளியேறும் வாய்ப்பு. மேலாள் தன் சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பங்கும் பெறும் வழக்கம் இருந்தது. சில தவணைகள் பணியாற்றிய பின் அவரே முதலாளியாகக்கூடும். பிறிதொரு முதலாளியிடமும் சேரக்கூடும். வேறு போக்கிடம் உடையவரின் சொல்லுக்கே பணியிடத்தில் எடை உண்டு. 638ஆம் குறளின் அமைச்சனுக்குக் கிடைக்காத ஒன்று இம்மேலாளுக்குக் கிடைத்தது.

நான்கு, பொது அவை. இரங்கூனில் முகல் தெருவில் இருந்த நகரத்தார் கோயிலில் கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டி வீதத்தை நிர்ணயித்தனர். தொழிற்போட்டியாளர்களாகிய இவர்கள் ஒரே இடத்தில் கூடித் தொழில்நிலையைப் பேசியமையால், ஒரு மேலாள் தன் முதலாளிக்கு எழுதும் செய்தியை அவ்வூரிலிருந்து பிற கடைகள் எழுதும் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் உண்டாயிற்று. மூவர் சொல் ஒத்திருத்தல் என்னும் ஒற்றாடல் விதி இங்கே ஒற்றின்றியே நிறைவேறுகின்றது.

அமைப்பின் எல்லைகள்

இவ்வமைப்பைப் பழம்பெருமையாகப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் எல்லைகள் 1930களில் வெளிப்பட்டன. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல்விலை வீழ்ந்தபோது பர்மிய உழவர்களால் கடனைத் திருப்பிச் செலுத்த இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் நெல் விளையும் முதன்மையான 13 மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938இல் சுமார் 25 விழுக்காடாயிற்று. பணம் கொடுத்துப் பணம் பெறுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் விரும்பாமலே நிலவுடைமையாளர் ஆயினர். அந்நிலங்களே அவர்களைப் பர்மியரின் சினத்துக்கு இலக்காக்கின. பின்னர்ப் போரும், நிலத்தை நாட்டுடைமையாக்கிய சட்டமும் அச்சொத்தைக் கைநழுவச் செய்தன.

இங்கே இருவகைக் குறைகளைப் பிரித்தறிய வேண்டும். 'இக்கடன் வாராது' என்பது ஒரு கணக்கின் குறை. 'இத்தொழிலை இவ்வாறு நடத்துவதே இனி இயலாது' என்பது அமைப்பின் குறை. ஐந்தொகையில் முதலாவதற்கு இடம் உண்டு; இரண்டாவதற்கு இல்லை. மேலும், கடன்பட்ட உழவர் இக்குழுவின் உறுப்பினர் அல்லர். அவர்தம் துன்பம் பேரேட்டில் நிலுவைத் தொகையாக மட்டுமே பதிவாயிற்று. குழுவுக்குள் வெளிப்படையாகப் பேசுதல் வேறு, குழுவின் செயலால் பாதிக்கப்படுவோர் பேச இடம்பெறுதல் வேறு. முன்னதை நன்கு அமைத்த நிறுவனமும் பின்னதில் தவறக்கூடும்.

மற்றோர் எல்லையைப் புதினம் காட்டுகின்றது. இன்றைய சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகருக்குச் சென்று அங்குள்ள கடையில் பணியாற்றியவர். வட்டிக்கடை உலகை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய புதினம் 'கடலுக்கு அப்பால்'. பினாங்கில் வட்டிக்கடையில் பணியாற்றும் செல்லையா, போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து மீள்கின்றான். முதலாளி வானாயீனாவின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். ஆயின் முதலாளி அவனுக்குப் பெண் கொடுக்க மறுக்கின்றார். துப்பாக்கி ஏந்திப் பழகியவன் கடைத்தொழில் வேண்டும் பணிவுக்கு மீண்டும் பொருந்தான் என்பது அவர் எண்ணம்.

இப்புதினம் பெரும்பாலும் காதற்கதையாகவும் போர்க்காலக் கதையாகவுமே வாசிக்கப்பட்டுள்ளது. பணியிட உறவின் கதையாகவும் அதனை வாசிக்கலாம். செல்லையாவின் நேர்மையிலோ கணக்கறிவிலோ முதலாளிக்கு ஐயமில்லை. ஆணையிடவும் மறுத்துரைக்கவும் கற்றுவிட்டான் என்பதே அவன்மேல் எழும் குறை. 519ஆம் குறள் எச்சரித்த திரிபு இதுவே. மேலும், கடைக்குள் கடன் பற்றி முதலாளியிடம் வாய்திறந்து பேசத்தக்கவன், தன் வாழ்வைப் பற்றி அவரிடம் வாதிட இயலாதவனாகின்றான். முதலாளி என்பவர் ஊதியம் தருபவராக மட்டுமன்றிக் குடும்பத் தலைவர் போன்றவராகவும் இருக்கும் அமைப்பில், தொழில் பற்றிய பேச்சு எளிதாகின்றது. உறவு பற்றிய பேச்சு அரிதாகின்றது. நிறுவனத்தைக் 'குடும்பம்' என அழைக்கும் இக்கால வழக்கம் இப்புதினத்தின் ஒளியில் மறுபார்வைக்கு உரியது. குடும்பத்தில் குறை கூறுபவர் நன்றியற்றவர் எனப்படுவார். பணிக்குழுவில் அவ்வாறு எண்ணப்படுதல் ஆகாது.

இழப்பைத் தாமே ஏற்ற தலைமை

வட்டிக்கடையில் குறையை வெளிக்கொணர்ந்தது காலவரையறையும் கணக்கும் ஆகும். அத்தகைய கால அவகாசம் இல்லாத பணிகளும் உள. சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய ஏவூர்திப் பணி அத்தகையது. அங்கே கூறுபவரைக் காத்தது எது என்பதற்குத் தமிழ் வாசகர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு.

1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி இலக்கை அடையாமல் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பிற்காலச் சொற்பொழிவுகளில் பலமுறை நினைவுகூர்ந்தபடி, ஏவுவதற்குச் சற்றுமுன் கணினி நிறுத்தக் குறிப்புக் காட்டியது; வல்லுநர் கருத்தைக் கேட்டு அவர் ஏவுமாறு பணித்தார். 'அக்னிச் சிறகுகள்' நூலில், பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், இறுதிக் கட்டத்தில் கண்டறியப்பட்ட கசிவைப் பொருட்படுத்தாமல் விட்ட முடிவுக்குத் தாமே பொறுப்பு என அவையறியக் கூறியதைப் பதிவு செய்துள்ளார். தோல்வியை அறிவிக்கும் செய்தியாளர் கூட்டத்தை நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18இல் ஏவுதல் வெற்றி பெற்றபோது செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமைப் பணித்தார்.

இந்நிகழ்வு பெரும்பாலும் தவானின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே மேடைகளில் கூறப்படுகின்றது. நிருவாக நோக்கில் அதன் பொருள் வேறு. தோல்வியின் புற இழப்பைத் தலைவர் தம்மேல் ஏற்றுக்கொண்டமையால், குழுவினர் தம்முள் எது தவறியது என்பதை மறைப்பின்றி ஆராயும் இடம் உண்டாயிற்று. குறள் விட்டுச்சென்ற இடைவெளியைத் தலைமை நிரப்பிய வகை இது. எனினும் இது ஒரு மனிதரின் பண்பைச் சார்ந்த காப்பு. அவர் மாறினால் காப்பும் மாறக்கூடும். வட்டிக்கடையின் காலவரையறை முதலாளி யாராயினும் இயங்கியது. பண்பும் அமைப்பும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும் என்பது இவ்விரு சான்றுகளையும் ஒப்பிடுவதால் பெறப்படும்.

மேலை ஆய்வுகளும் இதற்கு அணுக்கமான முடிவையே தருகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்கு செயற்படும் குழுக்களில் மருந்து வழங்கலில் நேரும் தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருக்கக் கண்டார். அக்குழுக்கள் மிகுதியாகத் தவறு செய்தன என்பது அதன் பொருளன்று. தவறுகளை மறைக்காமல் தெரிவித்தன என்பதே அவர் கண்ட விளக்கம். தொடர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தி நிறுவனம் ஒன்றின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து, பேசுவதால் தீங்கு நேராது என்னும் பொது நம்பிக்கையைக் குழுவின் பண்பாக அவர் விளக்கினார். குறையே பதிவாகாத குழுவைக் குறையற்ற குழு எனக் கொள்ளலாகாது என்பது இவ்வாய்வுகள் தரும் எச்சரிக்கை. வாராக்கடன் ஒன்றுகூட எழுதப்படாத பேரேட்டைக் கண்ட முதலாளியும் இவ்வாறே ஐயுற்றிருப்பார்.

ஆய்வுலகமும் ஒரு பணிக்குழு

இவ்வளவும் கூறிய பின், இவ்விதழைப் படிக்கும் நாம் இயங்கும் பணிக்களத்தைப் பற்றிக் கூறாது விடுதல் இக்கட்டுரையின் பொருளுக்கே முரணாகும். ஆய்வாளர், நெறியாளர், ஆய்வுக்குழு உறுப்பினர் ஆகியோர் சேர்ந்த குழுவும் திட்டப்பணிக் குழுவே. இங்கும் குறைக்கு அருகில் இருப்பவர் இளையவர். தரவு போதாது, கருதுகோள் பொருந்தவில்லை, முன்னோர் கூற்று மூலத்தோடு ஒத்துவரவில்லை என்பனவற்றை முதலில் காண்பவர் அவரே. அதனைக் கூறினால் நேரும் இழப்பு அந்த ஆறுமாத அறிக்கையிலேயே தெரியும். கூறாமையால் நேரும் இழப்பு, ஆய்வேடு நூலகத்தில் அடைந்து எவராலும் மேற்கோள் காட்டப்படாமல் கிடக்கும் காலத்தில் தெரியும்.

கருத்தரங்க அமர்வுகளில் 'ஐயங்கள் இருப்பின் கேட்கலாம்' என்னும் அறிவிப்புக்குப் பின் நிலவும் அமைதியை நாம் அனைவரும் அறிவோம். அவ்வமைதிக்கு அவையஞ்சுதல் காரணம் எனக் கூறி, அவையஞ்சாமை அதிகாரத்தை மீண்டும் எடுத்துரைப்பது பயன் தராது. ஒப்புமைக் கட்டுரை வகைமை இத்தனை ஆண்டுகள் மாற்றமின்றித் தொடர்வதற்கும் இவ்வமைதியே காரணம். கட்டுரையாளரின் முதற்கட்டுரையில் இருந்த குறையை அம்முதியவர் ஒருவரே சுட்டினார். அவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர் அல்லர். அவருக்கு அவ்வவையில் இழப்பதற்கு ஏதும் இல்லை.

வட்டிக்கடைப் பட்டறிவிலிருந்து இரண்டைக் கைக்கொள்ளலாம். ஆய்வு முன்னேற்ற அறிக்கையில் 'இதுவரை பொருந்தாமற் போனவை' என ஒரு பகுதியை அனைவர்க்கும் கட்டாயமாக்கலாம். அனைவரும் நிரப்பும் பகுதியில் குறையை எழுதுவது எவரையும் தனிமைப்படுத்தாது. அவ்வாறே, நெறியாளர் அல்லாத மற்றொருவர் குறித்த கால இடைவெளியில் தரவுகளை நேரில் நோக்கும் நடைமுறை அமையலாம். கணக்கு கைமாறும்போது குறை வெளிப்படுவது போல, ஆய்வும் பிறர் கைக்குச் செல்லும்போதே தன் குறையைக் காட்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. பொருட்பால், குறை கூறுதலின் பொருளையும் முறையையும் கூறுபவனிடமும், பொறுத்தலைக் கேட்பவனிடமும் ஒப்படைக்கின்றது. கூறுபவனுக்கு உடனே நேரும் இழப்பையும் கேளாதவனுக்குத் தாழ்ந்து நேரும் இழப்பையும் இணைக்கும் ஏற்பாடு அதில் விரித்துரைக்கப்படவில்லை. நகரத்தார் வட்டிக்கடை, காலவரையறை, கணக்கு, வெளியேறும் வாய்ப்பு, பொது அவை ஆகியவற்றால் அவ்விடைவெளியைக் குறைத்தது. எனினும் அமைப்பின் குறையையும், புறத்தே பாதிக்கப்பட்ட உழவரின் குரலையும், பணியாளரின் வாழ்வுரிமையையும் அதனால் ஏற்றுப் பேச இயலவில்லை. எஸ்.எல்.வி.-3 திட்டத்தில் தலைவரே இழப்பை ஏற்றமை குழுவுக்குப் பேசும் இடத்தை அளித்தது.

திருக்குறளை மேலாண்மை நோக்கில் ஆராய்வோர், ஒப்புமை காட்டுவதோடு நில்லாது, குறள் கூறும் கடமையை நிறைவேற்ற எவ்வமைப்பு துணைநின்றது என்பதைத் தமிழ்த் தொழில் வரலாற்றிலிருந்து தேட வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் எஞ்சியுள்ள கணக்கேடுகளும் கடிதங்களும் அத்தேடலுக்கு உரிய மூலங்கள். அவை அழிவதற்குள் தொகுக்கப்படுதல் வேண்டும். இடித்துச் சொன்னவன் மறுநாள் வேலைக்கு வந்தானா என்னும் வினாவுக்கு, அவன் வரத்தக்க அமைப்பு இருந்த இடங்களில் வந்தான் என்பதே இப்போதைக்கு இக்கட்டுரையாளர் அளிக்கக்கூடிய விடை.